கந்தக மண்ணில் ஒரு பாட்டின் தடம்

விருதுநகரில் கழிந்த சின்ன வயசைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. ‘வெயிலோடு விளையாடி’ என்று தொடங்கும். பழைய மாணவர் சந்திப்பு, கல்லூரியின் கடைசி நாள், சொந்த ஊர்த் திருவிழா என்று எங்கே நாலு பேர் கூடிப் பழசைப் பேசினாலும் ஒலிபெருக்கியில் அது வந்துவிடும். அதற்குப் பின்னால் இருந்தவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை. பாடியவர்களில் கைலாஷ் கேர் வடநாட்டுக்காரர். ஜாஸி கிஃப்ட், ‘லஜ்ஜாவதியே’ புகழ் மலையாளி. இசையமைத்த ஜி.வி. பிரகாஷ்குமார் சென்னைப் பையன். அப்போது வயது 19, அதுதான் முதல் படம். எழுதிய நா. முத்துக்குமார் காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்துக்காரர். இவர்களில் ஒருவர்கூடக் கரிசலில் பிறந்தவரில்லை. கரிசல் புழுதி ஒட்டியிருந்தது இயக்குநர் வசந்தபாலன் காலில். அவர் விருதுநகர்க்காரர்.

2002-இல் வந்த அவருடைய முதல் படம் ‘ஆல்பம்’ பெரிதாக ஓடவில்லை. யாரிடம் அவர் உதவி இயக்குநராக இருந்தாரோ அந்த ஷங்கரே தயாரிப்பாளராகி, இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘வெயில்’ எடுக்கக் காசு போட்டார். 2006 டிசம்பரில் படம் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவிலும் திரையிட்டார்கள். பிரான்சுக் கடற்கரைவரை போன அந்தக் கதை கிளம்பிய இடத்துக்கு மதுரையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான்.

விருதுநகருக்கு 1923 வரை விருதுபட்டி என்றுதான் பெயர். இங்கே விளைவது குறைவு, விற்பது அதிகம். மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று எங்கெங்கோ விளைந்தது இங்கே வந்து விலை கட்டிக்கொண்டு போகும். பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் தனியாக வருவது இதனால்தான். வத்தல் மூட்டை இறக்கும் தெருவில் புது ஆள் நடந்தால் பத்தடிக்குள் தும்மல் வந்துவிடும். மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சாயங்காலமானால் ஊரே எண்ணெய் பரோட்டாவுக்குத் திரும்பிவிடுகிறது. மற்ற ஊர்களில் கல்லில் போட்டு எடுப்பதை இங்கே எண்ணெயில் பொரித்தெடுத்து, மொறுமொறுவென்று நொறுக்கி, சால்னாவை ஊற்றித் தருகிறார்கள். உடம்புக்கு நல்லதா என்று கேட்கிறவர்கள் வேறு ஊருக்குப் போகலாம்.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் தெருவில் நடமாட்டம் இருக்காது. கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறார்கள். தரை, சுவர், நிறுத்தி வைத்த சைக்கிளின் இரும்பு என்று எதைத் தொட்டாலும் சுடுகிறது. மாவட்டத்துக்கே ‘கந்தக பூமி’ என்று செல்லப் பெயர். செல்லமா, வசவா என்பது சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது.

வசந்தபாலனின் கதையில் முருகேசன் என்கிற பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போகிறான். அப்பா கண்டுபிடித்துவிடுகிறார். அவர் கொடுக்கும் தண்டனைக்குப் பிரம்பு தேவைப்படவில்லை. துணியை உருவி, கட்டிப்போட்டு, உச்சி வெயிலில் விடுகிறார். அன்றைக்கே பையன் வீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறான். பணம் போகிறது. வேறு ஊரில் ஒரு சினிமா தியேட்டரில் ஒட்டிக்கொண்டு ஆபரேட்டர் ஆகிறான். காதலித்தவள் சாகிறாள், தியேட்டரும் போகிறது. இருபது வருஷம் கழித்து, தோற்றுப்போன மனிதனாக வீடு திரும்புகிறான். வாசலில் அதே அப்பா. பசுபதியும் ஜி.எம். குமாரும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. நேரே மன்னிப்புக் கேட்கத் தெரியாத குடும்பம் அது. தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான்.

நாம் மைக் வைத்துக் கொண்டாடும் பாட்டு இந்தக் கதையின் தொடக்கத்தில் வருகிறது. அண்ணனும் தம்பியும் வெயிலில் புரண்டு திரிந்த நாட்களின் பாட்டு. கொஞ்ச நேரத்தில் அதே வெயில் அந்தப் பையனை நிர்வாணமாக நிறுத்தப்போகிறது. முதலில் விளையாட்டுக்காட்டி அப்புறம் தோலை உரிக்கிறது. படத்தின் கட்டுமானமே இந்த இரட்டை வேஷம்தான். படத்தை மறந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள். பாட்டின் துள்ளல் தாளத்துக்கு ஆடுகிறவர்களிடம் இதைச் சொல்லி ஆட்டத்தைக் கெடுக்க வேண்டியதில்லைதான். ஆனால் விருதுநகர் மண்ணில் நின்றுகொண்டு கேட்கும்போது இரண்டாம் பாதியும் சேர்ந்தே கேட்கிறது.

அப்பா, மகன், கைநழுவிய காலம் என்ற இந்த முக்கோணத்தில் உலகம் முழுக்கப் பாட்டுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1974-இல் ஹாரி சேப்பின் பாடிய ‘கேட்ஸ் இன் தி கிரேடில்’ அதில் பெயர் பெற்றது. மகனோடு விளையாட நேரமில்லாத அப்பா; கடைசியில் அப்பாவோடு பேச நேரமில்லாத மகன். அந்தப் பாட்டுக்கு வித்து, சேப்பினின் மனைவி சாண்ட்ரா எழுதிய கவிதை. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அங்கே வருத்தப்படுகிற அப்பனே வாய்விட்டுப் பாடுகிறான். நம்முடைய பாட்டு வருத்தத்தைப் பேசுவதே இல்லை. சந்தோஷத்தை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முத்துக்குமாருக்கு அந்த வித்தை தெரியும். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளி ஆசிரியரான அப்பாவின் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர். உறவுகளைப் பற்றி அவர் எழுதிய ‘அணிலாடும் முன்றில்’ படித்தவர்களுக்கு, அவர் பால்யத்துக்குத் திரும்பிப் போவது புது விஷயமாக இருக்காது. 2016 ஆகஸ்ட் 14 அன்று, 41 வயதில், மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோயிற்று.

*

விருதுநகருக்கென்று சொந்தமாக ஒரு வருத்தம் உண்டு. சினிமாவுக்கு முந்தியது.

சுலோச்சன நாடார் தெருவில் காமராஜர் பிறந்து வளர்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. முதலமைச்சராக ஒன்பது வருஷம் இருந்தவர், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நின்றவர் வளர்ந்த வீடு இவ்வளவுதானா என்று வருகிறவர்கள் திகைத்து நிற்கிறார்கள். 1967 தேர்தலில் இதே ஊர் அவரைத் தோற்கடித்தது. வென்றவர் தி.மு.க.வின் பெ. சீனிவாசன், மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு.

அறுபது வருஷத்தை நெருங்கியும் இந்த எண்ணிக்கை ஊரில் பழையதாகவில்லை. மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் பேச்சை எடுத்தால் போதும்.

“அண்ணாச்சி, அன்னைக்கு உங்க வீட்டுல யாருக்குப் போட்டாக?”

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சிரிக்கிறார். “தம்பி, இந்த ஊருல யாரைக் கேட்டாலும் காமராசருக்குத்தான் போட்டோம்பாக. அப்புறம் எப்படித் தோத்தாருன்னு மட்டும் கேட்டுறாதீக. எங்க தாத்தா சூரியனுக்குப் போட்டவரு. சாகுற வரைக்கும் வெளிய சொல்லல. கடைசியில எங்க ஆச்சிதான் சொன்னா.”

இதற்கு ஒரு பாட்டும் வரவில்லை. வரவும் செய்யாது.

காமராஜர் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்து வளர்ந்தவர். முதலமைச்சரானதும் மூடிக் கிடந்த பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பது கணக்கு. மாநிலம் முழுக்கக் கணக்கு பலித்தது. அவர் பிறந்த வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, அவர் போன பிறகும் பல வருஷம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் தீப்பெட்டி ஆலை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

*

ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலில் கரிசல் நிலம் ஓடுகிறது. கருவேல மரங்கள், மானாவாரிக் காடு, பாளம் பாளமாக வெடித்த கண்மாய். நடுநடுவே ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகை. ஓர் அறை வெடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, ஓடுவதற்கு எல்லாப் பக்கமும் வாசல் வேண்டும் என்பதெல்லாம் விதி. மருந்து கலக்கும் அறையில் ஆள் இன்னும் குறைவு.

இந்தத் தொழில் இங்கே வந்ததற்கும் வெயிலே மூலதனம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மறு வருஷம் திரும்பி வந்து ஆலை போட்டார்கள். மழை பொய்த்துப் பொய்த்து விவசாயத்தில் பிழைக்க முடியாத ஊர். கைக்கு வேலை கேட்டு ஆட்கள் இருந்தார்கள். குச்சியும் பசையும் காகிதமும் காய வருஷம் முழுக்க வெயில் இருந்தது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி, லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழில், அதிலிருந்து நாடு முழுக்கப் போகும் காலண்டர். ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டத்தை நேரு கொடுத்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கும் ஆலை வளாகத்துக் களங்களில் மணி மருந்தும் காகிதக் குழாயும் வெயிலில் காய்கின்றன. கம்பி மத்தாப்பு அடுக்கிய சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. மேகம் கூடினால் போர்மேன் முகம் மாறிவிடுகிறது. மழை நாள் என்றால் வேலை இல்லை, கூலி இல்லை.

வெயில் ஏறி நிற்கும் மாதங்களில் அதே முகம் வேறு காரணத்துக்காக மாறும். உராய்வும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேல். இரண்டுக்கும் நடுவே 2018-இல் வந்த உச்சநீதிமன்ற உத்தரவு பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. சரம் பின்னியே வாழ்ந்த பெண்களுக்கு அதுவும் ஒரு அடிதான். தொழிலைத் திட்டுவது வெளியூர்க்காரர்களுக்கு எளிது. ஊர்க்காரர்கள் திட்டும்போது பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

*

தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்.

தீப்பெட்டி ஆபீஸில் பிள்ளைகளுக்கென்றே ஒதுங்கியதுபோல் இருந்த வேலை குச்சி அடுக்குவது. வரி வரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய மரச் சட்டம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. ஒரு வரிசை நிரம்பினால் அதன்மேல் அடுத்த சட்டம். இப்படி அடுக்கி இறுக்கிய கட்டையில் குச்சிகளின் தலையெல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் மெழுகிலும் மருந்திலும் முக்கும்போது கெட்டுவிடும். பெரியவர்களின் தடித்த விரலுக்கு இந்த வேலை மெதுவாகத்தான் வரும். எட்டு வயது விரலுக்கு வேகமாக வரும். கூலி எண்ணிக்கைக்கு. சாயங்காலம் எத்தனை கட்டை அடுக்கினாய் என்பதுதான் கேள்வி.

விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கு ஆபீஸ் வண்டி கிராமத்துக்கு வரும். ஏஜெண்டு தட்டி எழுப்பிவிடுவார். வீட்டில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். இருட்டிய பிறகுதான் பிள்ளைகள் திரும்புவார்கள். எண்பதுகளில் ஆய்வாளர்களும் பத்திரிகைக்காரர்களும் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அரசாங்கக் கணக்கோ அடக்கமானது: 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, தொழிலாளர்கள் 27,338 பேர், அதில் குழந்தைகள் 2,941. உச்சநீதிமன்றத்தில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் வந்த எண்கள் இவை. பதிவில்லாத இடங்களையும் வீடுகளில் பெட்டி ஒட்டியவர்களையும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்பதில் அன்றைக்கே பெரிய சண்டை. 1990-இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படம் எடுத்தார். எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ என்று முழுநீளப் படமே இயக்கினார். 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

தீர்ப்பு வந்து பத்து வருஷம் முடிந்த அதே டிசம்பரில் ‘வெயில்’ வந்தது. முருகேசன் ஊரைவிட்டு ஓடியது இருபது வருஷத்துக்கு முன்னால். கூட்டிக் கழித்தால் எண்பதுகளின் நடுப்பகுதி. அதாவது, பாட்டில் அந்த இரண்டு பையன்களும் வெயிலில் திரிந்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் வயதுப் பிள்ளைகள் வெயிலையே பார்க்காமல் இருட்டில் போய் இருட்டில் வந்துகொண்டிருந்தார்கள். இது வசந்தபாலன்மேல் சொல்லும் குற்றமில்லை. அவர் ஒரு வீட்டின் கதையை எடுத்தார், அதை நன்றாகவே எடுத்தார். ஆனால் தமிழ்நாடு முழுக்க ‘நம்ம பால்யம்’ என்று அதைத் தத்தெடுத்துக்கொண்டபோது, அந்த ‘நம்ம’வில் யார் யார் சேர்த்தி என்று கேட்கச் சரியான இடம் சிவகாசி–சாத்தூர் டவுன் பஸ்தான்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு வந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேலிருக்கும். மேட்டமலை தாண்டி இறங்க வேண்டும். மடியில் தூக்குவாளி. அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்கம் நகக்கண்ணில் போகாமல் நிற்கிறது. முதலில் தீப்பெட்டி ஆபீஸ், இப்போது வெடி ஆபீஸ்.

“எத்தனை வயசுல போனீகக்கா?”

“வயசு யாருக்குத் தெரியும்? அடுக்குன கட்டையை என்னால தூக்க முடியாது, எங்க அக்காதான் தூக்கிக் குடுப்பா. அந்த வயசு.”

பள்ளிக்கூடம்?

“தம்பி போனான். மத்தியானம் சோறு போடுவாகள்ல, அதுக்காகவே போனான். அப்படியே படிச்சுட்டான். இப்ப திருப்பூர்ல சூப்பர்வைசரு.”

பாட்டைப் பற்றிக் கேட்டதும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். டி.வி.யில் எத்தனை தடவை பார்த்திருப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது ஆம்பளப் பயலுக பாட்டுல்ல” என்றார்.

வருத்தமோ கோபமோ இல்லை, சும்மா தகவல் சொல்லும் தொனி. தகவலும் சரியானது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் என்றால் அது யார் என்பதில் எந்த வீட்டிலும் குழப்பம் வந்ததில்லை. தம்பி வெயிலில் டயர் உருட்டியதும், மதியச் சோற்றுக்குப் பள்ளிக்கூடம் போனதும், அக்காமார் அடுக்கிய கட்டைக் கணக்கில்.

*

பெண் பிள்ளைகளுக்கான பாட்டு வேறு வழியாக வந்தது. ‘வெயில்’ வந்து இரண்டு வருஷம் கழித்து, 2008-இல், இயக்குநர் சசி ‘பூ’ எடுத்தார். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதையிலிருந்து வளர்ந்த படம். இரண்டு தலைப்பிலும் வெயில் இருப்பது தற்செயல்தான். ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் எதை எழுதினாலும் அது எட்டிப் பார்த்துவிடுகிறது.

கதையில் மாரியம்மாளுக்கு மாமன் மகன் தங்கராசுமேல் சிறு வயதிலிருந்து ஆசை. அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிறது, அவளுக்கும் ஆகிறது. அவன் நன்றாக இருந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டவள், பொழுது சாய்வதற்குள் அவனைப் பார்த்துவிட வேண்டும் என்று வெயிலோடு நடந்து போகிறாள். அங்கே அவனுக்கு நிம்மதியில்லை என்று தெரிகிறது. திரும்பி வந்து அவள் அழுகிற அழுகைதான் கதை. தனக்குக் கிடைக்கவில்லையே என்ற அழுகை இல்லை. அதைத்தான் அவள் எப்போதோ தாண்டிவிட்டாளே. தமிழில் காதல் தோல்வியைப் பற்றி எழுதிய எத்தனையோ கண்ணீர்ப் பாட்டுகளைவிட அந்த நாலைந்து பக்கம் கனம். ‘வெயில்’ படத்து முருகேசன் தன் வாழ்க்கையை எண்ணி வருந்துகிறான். மாரியம்மாள் இன்னொருத்தன் வாழ்க்கைக்காக அழுகிறாள். எஸ்.எஸ். குமரன் இசையில் ‘பூ’வின் பாட்டுகளும் நன்றாகவே ஓடின, பார்வதி என்ற நடிகையைத் தமிழுக்குத் தந்ததும் அந்தப் படம்.

தமிழ்ச்செல்வனின் குடும்பக் கிளையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் பாட்டின் தடம் இன்னும் பழைய இடத்துக்குப் போகிறது. அவருடைய தாத்தா மதுரகவி பாஸ்கரதாஸ். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டு எழுதியவர். அதற்கு முன்பே அவருடைய பாட்டுகள் நாடக மேடையில் ஊர் ஊராகச் சுற்றின. அவற்றை மேடையில் முழங்கியவர்களில் முதல் ஆள் விஸ்வநாததாஸ், 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேடத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனைக் கொக்கு என்று பாடி விரட்டியவர். எத்தனையோ தடவை சிறைக்குப் போனவர். நாவிதர் குடும்பத்தில் பிறந்ததால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. ஆக, வெடியும் காலண்டரும் மட்டும் விளைந்த ஊர் என்று சிவகாசியைச் சொல்லிவிட முடியாது. பாட்டு முதலில் இங்கிருந்து வெளியே போனது. பிறகு வெளியே இருந்து எழுதிப் பாடி இங்கே அனுப்பினார்கள்.

இப்போது வெடி ஆபீஸ்களில் பாட்டுச் சத்தமே கேட்காது. செல்போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மருந்து செலுத்துகிற அறையில் பேச்சுகூட அளவாகத்தான். குழாயில் திரி வைத்து, களிமண் அடைத்து, அடுத்த குழாய்க்குக் கை போய்விடும். சீனிவெடிக் கட்டுக்கு நூல் சுற்றுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கதை பேசுவார்கள். மகள் காலேஜ் பீஸ், சுயஉதவிக் குழுத் தவணை, இருக்கன்குடிக் கோயிலுக்கு எப்போது போவது.

சாயங்காலம் வேலை முடிந்து போன் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் வீட்டுக்குத்தான் போடுகிறார்கள். பிள்ளை டியூஷனிலிருந்து வந்துவிட்டானா, அடுப்பில் உலை ஏற்றியாயிற்றா. அதற்குள் வேன் கிளம்பிவிடும். பாட்டுப் போடுவது டிரைவர் இஷ்டம். பெண்கள் கேட்பது பெரும்பாலும் இளையராஜா. டிரைவர் இருபத்திரண்டு வயதுப் பையன், அவன் போடுவது வேறு என்னவோ. “அந்தக் கருமத்தை அமத்துடா” என்று பின் இருக்கையிலிருந்து குரல் வரும். அவன் அமத்த மாட்டான். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பான்.